அரை கிரவுண்டில் வீடு: வெளிச்சத்தை மேலிருந்து எடுங்கள்

சென்னையில் 20க்கு 60 அடி மனையோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மூணு பெட்ரூம் வருமா சார்?" வரும். ஆனால் இருட்டாக வரும். அதனால் பிளான் போடுவதற்கு முன் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு மனையில் போய் நில்லுங்கள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஜன்னல் எங்கே, ஏசி அவுட்டோர் யூனிட் எந்தப் பக்கம் அனல் ஊதுகிறது என்று டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டோடு உள்ள சந்துப் பக்கமாக 4க்கு 4 அடி ஜன்னல் வைத்தால் ஆயுசுக்கும் திரை போட்டே கிடக்கும். அந்தப் பக்கம் ஜன்னலின் அடிமட்டத்தை (சில்) 5 அடிக்கு ஏற்றி, மேலே 7 அடியில் வரும் லின்டல் உத்தரம் வரை நீளவாக்கில் ஜன்னல் வையுங்கள். வெளிச்சம் வரும், பக்கத்து வீட்டு முகம் தெரியாது. படுத்திருப்பவர்மேல் மட்டும் காற்று படாது. அதற்குத்தான் முற்றம்.

நடுவில் 5க்கு 6 அடி போதும். "முப்பது சதுர அடி வேஸ்ட்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்; விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்ரூமின் பெரிய, தாழ்வான ஜன்னலை முற்றத்தைப் பார்த்துத் திறந்துவிடலாம். மேலே கம்பி கிரில். மழைக்குக் கூரை வேண்டுமென்றால் இரண்டடி உயர்த்திப் போட்டு, நாலு பக்கமும் கொசுவலை அடியுங்கள். ஒட்டி மூடினால் சூடு வெளியே போக வழியில்லை. முற்றத்துத் தரை ஹாலைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கட்டும், தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகட்டும்.

மேற்குச் சுவரில் படிக்கட்டு, பாத்ரூம். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். அப்புறம் சமையலறை. வாஸ்துக்காரர் தென்கிழக்கு அக்னி மூலை என்பார். மதியத்துக்குமேல் இங்கே கடல்காற்று வருவதும் ஏறக்குறைய அதே திசைதான். மீன் வறுத்தால் வாசம் ஹாலில்தான் நிற்கும். வடமேற்கு வாயு மூலையையும் வாஸ்து ஒத்துக்கொள்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

தெருக்கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேஜை தெரியக் கூடாது. நாலரை அங்குலச் சுவர் ஒன்று குறுக்கே போதும்.

அனுமதி பெரிய விஷயமில்லை. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500க்குள் கட்டடம், தரையும் முதல் தளமும் என்றால் 2024 முதல் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுப்பது) ஆன்லைனிலேயே வாங்கலாம்.

ஒன்று மட்டும்: மேல்தளத்துக்குக் கம்பி கட்டும் அன்று சைட்டில் இருங்கள். முற்றத்துக்கு விட்ட இடத்தை "மறந்துட்டீங்களோ" என்று கான்கிரீட்டுக்குப் பலகை கட்டும் சென்டரிங்காரரே அடித்து மூடிவிடுவார்.