தழும்புக்கு ட்யூப் வாங்கும் முன்: பலரும் செய்கிற தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு மெடிக்கல் ஷாப்பில் "தழும்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் உடனே ஒரு ட்யூப் வந்துவிடும். மேடா, குழியா, கறுப்பு மட்டும்தானா, எத்தனை மாதம் ஆச்சு என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஆரம்பத் தவறே இதுதான். மேட்டை அமுக்க ஊசியாகப் போடும் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். அதே ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பருக் குழியில் தடவி என்ன ஆகப்போகிறது?

கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்ட வெட்டு சில சமயம் ஆறின பிறகு தடித்து, சிவந்து, அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் வெட்டுப்பட்ட கோட்டைத் தாண்டாமல் நின்றால் பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் ஓரளவு தானே அமுங்கிவிடும். கீலாய்டு என்கிற தடித்த தழும்பு அப்படியில்லை. காது குத்தின இடத்திலும், நெஞ்சிலும், தோளிலும் புளியங்கொட்டை மாதிரி கிளம்பி, காயம் இருந்த எல்லையைத் தாண்டி வளரும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இது அதிகம். இதில் செய்யவே கூடாதது, "வெட்டி எடுத்துட்டா தீர்ந்துச்சு" என்று அறுவை சிகிச்சையோடு நிறுத்துவது. வெறுமனே வெட்டினால் பாதிக்கும் மேல் திரும்ப வரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. அதனால்தான் தோல் டாக்டர்கள் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை கீலாய்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், வெட்டினாலும் கூடவே ஊசியோ காதுக்கு அழுத்தக் கிளிப்போ கொடுப்பார்கள். கீலாய்டு வந்த காதில் ஆசாரியிடம் போய் இன்னொரு இடம் பார்த்துக் குத்திக்கொள்வதெல்லாம் வேண்டாத வேலை.

மேடான தழும்பை அமுக்க மேலே ஒட்டும் சிலிக்கான் ஷீட்டை ஒரு வாரம் ஒட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்யல" என்பவர்கள் நிறைய. புண் முழுதாக மூடின பிறகு தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது போட வேண்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வியர்த்து நழுவும், உண்மைதான். கழுவித் துடைத்துத் திரும்ப ஒட்டலாம், இல்லையென்றால் சிலிக்கான் ஜெல் வாங்கிக்கொள்ளலாம்.

கஞ்சி வடிக்கும்போது கொட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். உடனே மாவு, பற்பசை என்று அப்பாமல் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத தீக்காயம் தடிப்பாக மாற வாய்ப்பு அதிகம், அதுவரை வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். விரல், முழங்கை, கழுத்து என்றால் இன்னும் கவனம்: வலிக்கு இதமாக இருக்கிறதென்று மடக்கியே வைத்திருந்தால் தோல் சுருங்கி மூட்டு அப்படியே நின்றுவிடும், அப்புறம் ஆபரேஷன்தான். ஆரம்பத்திலேயே மூட்டை மடங்காமல் நிறுத்தும் ஸ்ப்ளின்ட்டும் (கட்டை) பயிற்சியும் வேண்டும்.

பைக் சைலன்சர் பட்டுக் கெண்டைக்காலில் வரும் கறுப்பும், பரு போன இடத்துக் கறுப்பும் பெரும்பாலும் தழும்பே இல்லை, வெறும் நிறமாற்றம். மாதக்கணக்கில் மங்கும், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால். வயலில் நிற்பவர்களுக்கு முழுக்கை சட்டையும் தலைத்துண்டும் சன்ஸ்கிரீன் அளவுக்கு உதவும். இதற்குப் போய் "வெள்ளையாக்கும்" ஸ்டீராய்டு க்ரீம் பூசினால் முகம் சிவக்கும், முடி முளைக்கும், நிறுத்தினதும் பரு கொத்துக் கொத்தாக வரும்.

பருக் குழியை எந்தக் க்ரீமும் நிரப்பாது, எலுமிச்சைச் சாறும்தான். மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது), சப்சிஷன் (குழியை உள்ளே இழுக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடுவது), லேசர் என்று குழியின் வகைக்கேற்ப வழி உண்டு, ஆனால் புதுப் பரு வருவது அடங்கின பிறகுதான். கறுத்த தோலில் லேசர் தவறினால் கறுப்புப் படியும் என்பதால் பார்லரில் போய்ச் செய்துகொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பல வருஷத்துப் பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று புண் வந்து ஆறாமல் கிடந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் கொண்டிருக்காதீர்கள். அரிதாக அது தோல் புற்றாக இருக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காட்டி, தேவைப்பட்டால் பயாப்சி (சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்துவிடுங்கள்.