கனடா மாகாண நாமினேஷன்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் எங்கிருந்து தொடங்குவது?

கனடா பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை, என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "உனக்கு எவ்வளவு பாயிண்ட் வருது?" என்பதுதான். நானூற்று முப்பதோ நாற்பதோ வந்தால், இது தேறாது என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். நெய்வேலியில் வெல்டராக இருப்பவர், சிப்காட் கம்பெனி லேபில் வேலை பார்ப்பவர், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர் என்று பலரும் மாகாண நாமினேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நின்றுவிடுகிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக.

விஷயம் இதுதான். பிஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கனடா மத்திய அரசு நடத்தும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை உங்கள் வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றையும் கூட்டி 1,200க்கு ஒரு மதிப்பெண் போடும். மாகாணம் பார்க்கிற பார்வை வேறு: எங்கள் ஊரில் எந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை, இவர் வந்தால் இங்கேயே தங்குவாரா? அதற்குப் பதில் திருப்தியாக இருந்தால் உங்களை முன்மொழியும். மானிடோபாவில் 1998-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று கியூபெக், நுனாவுட் இரண்டையும் தவிர மற்ற மாகாணங்களிலும் பிரதேசங்களிலும் இருக்கிறது. கியூபெக்குக்குத் தனி முறை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியோடு இணைந்த நாமினேஷன் கிடைத்தால் 600 பாயிண்ட் கூடும். 430-ல் நிற்பவர் 1,030-க்குப் போய்விடுவார். அதோடு இணையாத நாமினேஷனும் உண்டு, அதில் பிஆருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பொதுவாகக் கூடுதல் காலம் பிடிக்கும். எப்படியானாலும் கடைசியில் பிஆர் தருவது மத்திய அரசுதான், மாகாணம் இல்லை.

முதலில் பெயரைச் சரி பாருங்கள்

மொழித் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நம் ஊரில் ஒரே ஆளுக்கு மார்க்‌ஷீட்டில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் செல்வராஜ்", பிஎஃப் கணக்கில் "முருகன் எஸ்", கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயரே வேறு எழுத்தில் என்று இருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கே கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதியது போன்ற சின்ன வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு அஃபிடவிட் பெரும்பாலும் போதும். பெயரே மாறியிருந்தால் அரசிதழ்தான் வழி. கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ், புதுச்சேரிக்காரர்களுக்குப் புதுச்சேரி அரசிதழ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதா? கனடா விண்ணப்பத்தில் உங்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்ற கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அதைத் திருப்பிப் போட்டால் பின்னால் ஒவ்வொரு தாளிலும் இடிக்கும்.

வேலைக்கான ஐந்து இலக்க எண்

கனடாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கத்தில் என்ஓசி எண் (அரசின் தொழில் வகைப்பாட்டு எண்) இருக்கிறது. வெல்டர் 72106, பதிவு பெற்ற நர்ஸ் 31301, கெமிக்கல் டெக்னீசியன் 22100. இரண்டாவது இலக்கம் அந்த வேலையின் தரநிலை. அது 0 முதல் 3 வரை இருந்தால்தான் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஆகும். விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரை வைத்து எண்ணைத் தேடாதீர்கள். அந்த எண்ணின் கீழ் எழுதியிருக்கும் பணிகளைப் படித்து, நீங்கள் தினமும் செய்கிற வேலையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இருக்கும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவுக்குக் கடந்த 10 வருடத்துக்குள் குறைந்தது ஒரு வருடம் இடைவெளியில்லாத முழுநேர அனுபவம் வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம் என்ற கணக்கில்.

இங்கேதான் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை பெரிய நிறுவனத்தின் வளாகத்தில், சம்பளம் ஒப்பந்தக்காரரிடம். அனுபவக் கடிதம் கேட்டால் "இவர் எங்களிடம் வேலை பார்த்தார், நல்ல பையன்" என்று இரண்டு வரியில் தருவார்கள். அது உதவாது. லெட்டர்ஹெட்டில், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த பணிகள், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். சம்பள ரசீது, பிஎஃப் பாஸ்புக், ஃபார்ம் 16, சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் கூடவே சேர்த்து வையுங்கள். வேலையை விட்ட பிறகு இந்தக் கடிதம் வாங்குவது கஷ்டம், இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

மொழி: நம் கையில் இருக்கும் ஆயுதம்

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதுவதென்றால் ஜெனரல் டிரெய்னிங், அகாடமிக் இல்லை. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கருக்கு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 6.0 இருந்தால் தகுதி வந்துவிடும், ஆனால் அதோடு நிற்காதீர்கள். லிசனிங்கில் 8.0, மற்ற மூன்றிலும் 7.0 எடுத்தால் சிஎல்பி எனும் கனடா மொழி அளவுகோலில் 9-ஆம் நிலை. அந்த நிலையை எட்டினால் மொழிக்கான பாயிண்ட் கூடுவதோடு படிப்புக்கும் அனுபவத்துக்குமான சேர்க்கைப் பாயிண்டும் கூடும். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும்.

அப்புறம் பிரெஞ்சு. புதுச்சேரியில் பள்ளியிலோ கல்லூரியிலோ பிரெஞ்சை இரண்டாம் மொழியாகப் படித்துவிட்டு, மார்க்குக்காகப் படித்தோம் என்று மறந்துபோனவர்கள் எத்தனை பேர்! டிஇஎஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வில் நான்கு திறனிலும் கனடா அளவுகோலின் ஏழாம் நிலையை எட்டி, ஆங்கிலமும் ஐந்தாம் நிலைக்குக் குறையாமல் இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 50 பாயிண்ட் கூடுதல். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனியாக, பிஆருக்கு விண்ணப்பிக்க அழைக்கும் சுற்று நடத்துகிறார்கள், அதில் கட்-ஆஃப் பொதுவாக மற்றவற்றைவிடக் குறைவு. ஏழாம் நிலை சுலபமில்லை, ஒரு வருடத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். ஆனால் சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் பிரான்செஸ் இருக்கிறது, வீட்டில் பிரெஞ்சு பேசுகிற பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இந்த வசதி வேறு எந்த ஊருக்கு இருக்கிறது? முப்பதைத் தாண்டி வயதுக்கான பாயிண்ட் குறைந்துகொண்டே வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படிப்புக்கு மதிப்பீடு

டபிள்யூஇஎஸ் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சான்று தரும், அது ஐந்து வருடம் செல்லும். வரிசை முக்கியம்: முதலில் டபிள்யூஇஎஸ் தளத்தில் பதிவு செய்து எண் வாங்குங்கள், அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் கேளுங்கள். ஏனென்றால் டிரான்ஸ்கிரிப்ட் அந்த எண்ணோடு பல்கலைக்கழகத்திலிருந்தே போக வேண்டும், நீங்கள் உறையைப் பிரித்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். சிதம்பரம் அண்ணாமலையில் படித்திருந்தாலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாலும் விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மாகாணத்தைத் தேர்ந்தெடுப்பது

இவ்வளவும் கையில் வந்த பிறகு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புரொஃபைல் போடுங்கள், 12 மாதம் உயிரோடு இருக்கும். சில மாகாணங்களின் சில பிரிவுகளில் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் காத்திருக்கும் புரொஃபைலைப் பார்த்து அவர்களே அழைப்பார்கள். மானிடோபா சொந்தபந்தத்தைப் பெரிதாக மதிக்கிற மாகாணம். அங்கே குடியுரிமையோ பிஆரோ பெற்று, குறைந்தது ஒரு வருடமாகத் தங்கியிருக்கும் உறவினர் இருந்தால் பலம். அத்தை மகன், சித்தப்பா மகள் வரை கணக்கில் வரும், ஆனால் வாயால் சொன்னால் போதாது. உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அப்பாவுடையது, அவர் தங்கையுடையது, அவர் மகனுடையது என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டும். அந்தத் தலைமுறைக்குப் பிறப்புச் சான்றிதழ் பல வீடுகளில் இருக்காது, அதனால் பள்ளி டிசி போன்ற பழைய தாள்களை இப்போதே தேடத் தொடங்குங்கள்.

யாரும் தெரியாத மாகாணமாக இருந்தால் அவர்களுடைய அரசுத் தளத்தில் உங்கள் என்ஓசி எண்ணை இப்போது ஏற்கிறார்களா என்று பாருங்கள். பட்டியல் அடிக்கடி மாறும். இடங்களும் அப்படித்தான்: மொத்த மாகாண நாமினேஷன் இலக்கு 2024-ல் 1,10,000 ஆக இருந்தது, 2025-ல் 55,000 ஆகப் பாதியாக வெட்டினார்கள், 2026-க்கு மறுபடி 91,500 என்று உயர்த்தினார்கள். ஆகவே போன வருடம் ஒருவர் போன வழியை அப்படியே நம்பிப் போக வேண்டாம். இன்னொன்று, நாமினேஷன் கேட்பது அந்த மாகாணத்தில் வாழப்போகிறேன் என்று சொல்லித்தான். வினிபெக்கின் குளிரில் இருக்க மனமில்லை என்றால் மானிடோபாவிடம் கேட்கவே வேண்டாம்.

பணம்

கனடாவில் வேலை கையில் இல்லாத தனி ஆளுக்கு ஏறக்குறைய 15,000 கனடிய டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும், குடும்பத்துக்குத் தக்கபடி கூடும், வருடா வருடம் மாறும். பேங்க் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் உங்கள் கடன்களும் இருக்க வேண்டும். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ கணக்கில் போட்டுக் காட்டுவது செல்லாது, கடன் பணத்தை அவர்கள் ஏற்பதில்லை. அப்பா அம்மா உண்மையாகவே கொடுத்த பணம் என்றால் அதற்கு அன்பளிப்புக் கடிதமும் அவர்கள் கணக்கின் ஆதாரமும் வையுங்கள்.

ஏஜென்ட்

எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். உதவி வேண்டுமென்றால், காசு வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்கும் உரிமை கனடா வழக்கறிஞர்களுக்கும், குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் சிஐசிசி அமைப்பில் உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற சிலருக்கும்தான் உண்டு. உரிம எண்ணைக் கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். "நாமினேஷன் கேரண்டி", "ஜாப் ஆஃபர் நாங்களே தருகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். பொய்யான அனுபவக் கடிதம் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை உங்கள் பெயரில்தான் விழும், ஏஜென்ட் பெயரில் இல்லை.

நாமினேஷன் வந்த பிறகு

எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கில் 30 நாளுக்குள் அதை ஏற்க வேண்டும். அடுத்து அழைப்பு வந்தால் எல்லாத் தாளையும் ஏற்றி விண்ணப்பிக்க 60 நாள். 2025 ஆகஸ்ட் முதல் மருத்துவப் பரிசோதனையை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். கனடா அரசு நியமித்த டாக்டரிடம்தான் போக வேண்டும், நமக்குச் சென்னை. போலீஸ் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ கடந்த 10 வருடத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும், அது வர நாளாகும் என்பதால் நாமினேஷனுக்குக் காத்திருக்கும்போதே அதற்கு என்னென்ன தாள் தேவை என்று பார்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.