பழுதாகும் லேப்டாப் ஹார்டு டிஸ்க்: முதலில் நகல், மீட்பு அப்புறம்

விண்டோஸ் ஏறவே இருபது நிமிடம் ஆகிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கிறது. மறுபடி ஆன் செய்தால் டிரைவை ஸ்கேன் செய்து சரிசெய்வதாகக் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து, சதவீதம் நகராமல் நிற்கிறது. பலர் அந்த ஸ்கேன் முடியட்டும் என்று இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். இருக்கிற டேட்டாவைத் தொலைக்க அதைவிட நிச்சயமான வழி இல்லை. செக் டிஸ்க் எனப்படும் அந்த ஸ்கேனின் வேலை, ஃபைல் சிஸ்டத்தில் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கில்) முரண்பாடு இல்லாமல் பார்த்துக்கொள்வது. படிக்க முடியாத பதிவுகளை அது வெட்டி எறியும், அனாதையான துண்டுகளுக்கு எண் போட்டு ஒதுக்கும். அதுவும் பழுதான டிஸ்க்கின் மேலேயே எழுதிக்கொண்டு.

எனவே முதல் வேலை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைப்பது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸ் ஏறி நிற்கிறது, உங்களுக்கு உயிரான விஷயம் சில எம்பிதான் (ஒரு ஆய்வேடு, ஒரு கணக்கு ஃபைல்) என்றால் அதை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அணையுங்கள். ஐம்பது ஜிபி போட்டோ ஃபோல்டரை இழுத்துப் போடாதீர்கள். வழியில் கெட்ட ஃபைல் ஒன்று வந்தால் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் மற்ற ஆயிரம் ஃபைல்களை எடுத்திருக்கலாம்.

காதை வைத்துக் கேளுங்கள்

சத்தம் எதுவும் இல்லை, மெதுவாக இருக்கிறது, அவ்வப்போது உறைந்துபோகிறது என்றால் அநேகமாக கெட்ட செக்டார்கள் (டேட்டா எழுதப்படும் மிகச் சிறிய கட்டங்கள்). வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

சீரான இடைவெளியில் டக், டக் என்று அடித்துவிட்டு நின்றுபோனால் ரீட் ஹெட் (சுழலும் தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் முனை) தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது. மெல்லிய பீப் ஒலி வந்து சுழலவே இல்லை என்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. கீழே விழுந்த லேப்டாப்பில் இது வாடிக்கை. உரசுவது போன்ற கரகரப்பு எல்லாவற்றையும்விட மோசம்: காந்தப் பூச்சு தூளாகிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றிலும் மின்சாரம் கொடுப்பதை உடனே நிறுத்திவிட்டு, டேட்டா முக்கியமானால் தூசி இல்லாத சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

ஆனால் டக் டக் சத்தம் யுஎஸ்பி பெட்டியில் (கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி வழியே இணைக்கும் உறையில்) போட்ட பிறகுதான் வருகிறது என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். 2.5 அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. போதாத மின்சாரத்தில் நல்ல டிஸ்க்கும் டக் டக் என்று அடிக்கும். தனி அடாப்டர் உள்ள டாக்கில் மாட்டி ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான், அங்கே ஒரு நீர்த்துளி என்பது ஏரி. மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே ரகம். அதே மாடல் டிஸ்க் வாங்கி சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிக்காது. அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்குக்கான அளவீடுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. அதையும் எடுத்துப் புது போர்டில் சால்டர் செய்ய வேண்டியிருக்கும்.

என்ன வேண்டும்

லினக்ஸ் போட்ட பூட் பென் டிரைவ் ஒன்று (சிஸ்டம்ரெஸ்க்யூ அல்லது உபுண்டு), வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. வெளி டிஸ்க் பழைய டிஸ்க்கின் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. 1 டிபி டிஸ்க்கின் இமேஜ் (முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே ஃபைலாக எடுத்த நகல்) 1 டிபி இடத்தைப் பிடிக்கும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் ஃபைல்களுக்கும் இடம் வேண்டும். வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 மூன்றில் ஒன்றாக ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி ஆனதும் இமேஜ் நின்றுபோகும்.

லேப்டாப் நன்றாக இருந்தால் டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டிக்கு மாற்றாமல், லேப்டாப்பில் அது இருக்கும் சாட்டா ஸ்லாட்டிலேயே வைத்து நகலெடுப்பது மேல். யுஎஸ்பி பெட்டியின் சிப், டிஸ்க் சொல்லும் பிழைகளை மறைக்கும், சில சமயம் திணறி இணைப்பையே அறுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: பூட் மெனு கீயைத் தவறவிட்டால் விண்டோஸ் ஏறி, செக் டிஸ்க் மறுபடி ஓடும். அதனால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில்) பென் டிரைவை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, லினக்ஸ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டிஸ்க்கை மாட்டுங்கள். கழற்றும்போதும் மாட்டும்போதும் சார்ஜரும் பேட்டரி இணைப்பும் விலகியிருக்க வேண்டும். கீழ் மூடியைத் திறந்தே வைத்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் சூடு அடங்கும். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஸ்மார்ட் சொல்வது

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு. லினக்ஸ் ஏறியதும் டெர்மினலில் (கமாண்ட் அடிக்கும் ஜன்னல்) சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டச் சொல்வது) ஸ்மார்ட்சிடிஎல் ஹைஃபன் ஏ, பிறகு டிஸ்க்கின் பெயர் (அதை அடுத்த பகுதியில் வரும் எல்எஸ்பிஎல்கே காட்டும்). (கமாண்டுகளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.) மேலே "பாஸ்டு" என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள், ஆயிரக்கணக்கில் செக்டார் செத்த டிஸ்க்கும் அந்தச் சான்றிதழை வாங்கிவிடும். கீழே உள்ள வரிசை எண்களின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டார்கள். 197 என்பது இப்போது படிக்க முடியாமல் காத்திருப்பவை. உங்கள் ஃபைல்கள் மாட்டிக்கொண்டிருப்பது இதில்தான். 198 படிக்கவே முடியாது என்று டிஸ்க் கைவிட்டவை. 199 மட்டும் ஏறி, மற்றவை பூஜ்யமாக இருந்தால் கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படுங்கள். டிஸ்க்கே நன்றாக இருக்கலாம். லாங் டெஸ்ட் மட்டும் ஓட்ட வேண்டாம், அது டிஸ்க் முழுவதையும் வீணாகப் படிக்கும்.

நகலெடுப்பது

எல்எஸ்பிஎல்கே கமாண்ட், மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் அளவோடு காட்டும். எது பழையது, எது புதியது என்று மாடலையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக எழுதும்போது இரண்டும் இடம் மாறினால், காலியான டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்படும். ஃபைலாக இமேஜ் எடுக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய டிஸ்க்கின் எந்தப் பார்ட்டிஷனையும் (சி, டி என்று பிரித்த பகுதி) சொடுக்கித் திறக்காதீர்கள்.

கருவி க்னூ டிடிரெஸ்க்யூ. டெபியன், உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் முன்னால் ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ. கமாண்டின் பெயரில் அந்த ஜி கிடையாது. பெயரின் நடுவே கீழ்க்கோடு உள்ள இன்னொரு புரோகிராம் உண்டு, அது வேறு.

முதல் சுற்று: சூடோ டிடிரெஸ்க்யூ, ஹைஃபன் டி, ஹைஃபன் என், பழைய டிஸ்க்கின் பெயர், இமேஜ் ஃபைலின் பெயர், மேப் ஃபைலின் (எதெல்லாம் படித்தாயிற்று என்ற குறிப்பு) பெயர்; இரண்டும் வெளி டிஸ்க்கில். இந்த வரிசையில்தான். டி என்றால் லினக்ஸின் கேஷைத் தாண்டி நேராகப் படிக்கும். என் என்றால் கெட்ட இடங்களைச் சுரண்டும் கட்டத்தைத் தள்ளிப்போடும். பிழையோ மந்தமோ வந்த இடத்தில் அது மல்லுக்கட்டாமல் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகு பின்பக்கமிருந்தும் வந்து பார்க்கும். சாதாரண காப்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான்: டிஸ்க் எப்போது நிற்கும் என்று தெரியாதபோது, சுலபமாகக் கிடைப்பது முதலில் கைக்கு வந்துவிட வேண்டும்.

மேப் ஃபைலை விட்டுவிட்டு ஓட்டினால் பாதியில் நின்ற வேலையைத் தொடர முடியாது. அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் இடம், நீளம், கடைசியில் ஒரு குறி. + என்றால் மீண்டது, ? இன்னும் தொடாதது, * ஓரம் வெட்ட வேண்டியது, / சுரண்ட வேண்டியது, - செத்த செக்டார். கரண்ட் போனாலும் டிஸ்க் தொங்கினாலும் அதே கமாண்டை அதே மேப் ஃபைலோடு அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நல்ல டிஸ்க் என்றால் 1 டிபிக்கு மூன்று மணி நேரம் போதும். பழுதானது ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். திரையில் கவனிக்க வேண்டியவை இரண்டு: இப்போதைய வேகம், கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற வரி. அந்த நேரம் நிமிடக்கணக்கில் ஏறி, பிழை எண்ணிக்கை மடமடவென்று தாவினால் டிஸ்க் இணைப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். கன்ட்ரோல் சி அடித்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் படித்தே பார்க்காத இடங்களும் கெட்டவை என்று மேப்பில் ஏறிவிடும். லேப்டாப்பை முழுதாக அணைத்து, பத்து நொடி விட்டு ஆன் செய்து, டிஸ்க்கின் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கும் முன்னும் மேப் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்தால், இப்படிக் கெட்டுப்போன மேப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழையதைக் கொண்டுவரலாம்.

இன்னொரு அடையாளம்: 90 எம்பி வேகம், சட்டென்று பூஜ்யம், மறுபடி 90, மறுபடி பூஜ்யம் என்று ஏறக்குறைய ஒரே இடைவெளியில் மாறி மாறி வந்தால் பல ஹெட்களில் ஒன்று மட்டும் செத்திருக்கிறது. நல்ல ஹெட்கள் தருவதை முதல் சுற்றில் வாங்கிக்கொண்டு அதோடு நிறுத்துங்கள். செத்த ஹெட் திரும்பத் திரும்ப முயன்றால் தட்டில் கோடு விழும், அதன்பின் ஆய்வகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

முதல் சுற்று முடிந்து மிச்சம் சில எம்பி என்றால் இரண்டாம் சுற்று: அதே கமாண்ட், என் குறியை எடுத்துவிட்டு ஹைஃபன் ஆர்3. கெட்ட இடங்களை செக்டார் செக்டாராகச் சுரண்டி, மூன்று முறை முயலும். முன்னோக்கி எடுபடாதவை ஹைஃபன் பெரிய ஆர் போட்டுப் பின்னோக்கிப் படித்தால் சில நேரம் கிடைக்கும். அதற்கு மேல் ஆர்20, ஆர்100 என்று போவது பிடிவாதம். மிச்சமிருக்கும் 200 கேபி ஒரு தேவையற்ற சிஸ்டம் ஃபைலாகவும் இருக்கலாம்.

இமேஜிலிருந்து ஃபைல்கள்

பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வையுங்கள். இனி எல்லாம் இமேஜில். உபுண்டுவின் டிஸ்க் இமேஜ் மவுன்ட்டர் எழுத முடியாத வகையில்தான் திறக்கும், அதில் ஃபோல்டர்கள் தெரிந்தால் காப்பி செய்துகொண்டால் முடிந்தது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் இமேஜ் இருந்தும் பயனில்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இமேஜ் அப்படித் திறக்கவில்லை (மவுன்ட் ஆகவில்லை) என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை இமேஜ் ஃபைலின் பெயரோடு திறந்து, பார்ட்டிஷனைத் தேடி, பெரிய பி அடித்தால் ஃபைல் பட்டியல் வரும். சிறிய ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், பெரிய சி காப்பி செய்யும். ரைட் என்ற மெனு பக்கமே போகாதீர்கள்.

என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் ஃபைல் பெயர்களின் பேரேடான எம்எஃப்டி பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி ஆரம்பிக்கிறது. அந்த இடம் செத்திருந்தால் பெயரும் ஃபோல்டரும் போய், உள்ளடக்கம் மட்டும் இருக்கும். அப்போது உள்ளடக்கத்தை வைத்தே ஃபைல்களைத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக் கைகொடுக்கும், ஆனால் குடும்பப் படங்களும் பிரவுசர் ஐகான்களும் எண் பெயர்களில் கலந்து குவியும். பிரிக்க ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள்.

எந்த ஃபைல் கெட்டது என்று கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோட் இருக்கிறது. வேறெங்கும் வராத ஓர் ஆங்கிலச் சொல்லைச் சின்ன ஃபைலில் எழுதி, ஃபில் மோட் என்ற விருப்பத்துக்குச் சமக்குறியும் ஒரு ஹைஃபனும் கொடுத்து, அந்தச் சின்ன ஃபைல், இமேஜ், மேப் என்ற வரிசையில் ஓட்டினால் மேப்பில் - குறி பெற்ற செக்டார்களில் எல்லாம் அந்தச் சொல் நிரம்பும். பிறகு மவுன்ட் செய்து க்ரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கமாண்ட்) மூலம் தேடினால், அந்தச் சொல் உள்ள ஃபைல்கள்தான் அடிபட்டவை. சந்தேகப் பட்டியல் பத்துப் பெயர்களாகச் சுருங்கிவிடும்.

அப்படியும் கண்ணால் பாருங்கள். பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருக்கும் ஜேபெக்கும் பட்டியலில் சரியான பெயர், சரியான அளவோடுதான் நிற்கும். ஜிப் ஃபைல்களுக்கு டெஸ்ட் வசதி உண்டு, வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். இது முடியும் வரை இமேஜையோ மேப் ஃபைலையோ அழிக்க வேண்டாம். பழைய டிஸ்க்கையும் ஆன்டிஸ்டேடிக் உறையில் போட்டுத் தனியே வைத்திருங்கள். கிடைக்காத ஃபைல் முக்கியமானது என்று பிறகு தெரிந்தால், ஆய்வகத்துக்குக் கொடுக்க அதுதான் வேண்டும்.