பிரெஞ்சு ரயில் வெள்ளி வில்லைகள்: முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் விளிம்பு

ரயில் வரலாறு பதிந்த வெள்ளிப் பதக்கம் சேர்க்க ஆசை என்றால், 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ரயில் கம்பெனிகளின் ஜெத்தோன்களில் தொடங்கலாம். கம்பெனிக் கூட்டத்துக்கு வந்த இயக்குநர்களுக்கு வருகைப்படி மாதிரிக் கொடுத்த வில்லை இது. நிறைய எட்டு மூலையாக இருக்கும். பாரிஸ்-ஆர்லியான், பாரிஸ்-ரூவான், வடக்கு ரயில்வே என்று தேட ஆரம்பித்தால் ஓயாது.

முகத்தில் 1838 என்று பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். அது கம்பெனி பிறந்த வருடமாக இருக்கும், வில்லை அடித்த வருடமாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பாரிஸ் நாணயச்சாலை பழைய அச்சுகளை வைத்தே பின்னாலும் அடித்துக் கொடுத்திருக்கிறது. அடித்த காலத்தை விளிம்பில் குத்தியிருக்கும் குட்டிச் சின்னம்தான் காட்டிக்கொடுக்கும். விளக்கு என்றால் 1832 முதல் 1841 வரை, அப்புறம் கொஞ்ச நாள் நங்கூரம், 1842 முதல் கப்பலின் முன்பகுதி, 1845 முதல் 1860 வரை விரல் நீட்டிய கை, 1879 வரை தேனீ, 1880 முதல் பழம் நிரம்பிய கொம்பு. ஆக, முகத்தில் 1838, விளிம்பில் கொம்பு என்றால் நாற்பது வருடமாவது கழித்து அடித்தது. அதுவும் வெள்ளிதான், ஆனால் முதல் அடிப்பின் விலையைக் கொடுக்காதீர்கள்.

பத்து மடங்கு லென்ஸில் விளிம்பை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தேனீ சில சமயம் வெறும் அழுக்குப் புள்ளி போலத் தெரியும். சின்னத்துக்குப் பக்கத்தில் ஏ-யில் தொடங்கும் ஆறெழுத்துச் சொல் இருந்தால் வெள்ளி, சி-யில் தொடங்கினால் செம்பு. விளிம்புப் படம் அனுப்ப மறுக்கும் ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

முலாம் என்று சந்தேகமா? சின்னத் தராசில் டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, வில்லையை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முக்குங்கள். 18 கிராம் வெள்ளி வில்லைக்கு சுமார் 1.75 கிராம் காட்டும், முலாம் பூசிய செம்பென்றால் 2 கிராம்.

கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். நான் முதல் வில்லையைக் குத்துவிளக்குத் தேய்ப்பது போலத் திருநீறு போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்தது, எஞ்சின் சக்கரத்தின் ஆரங்கள் மழுங்கிப்போயின. பிவிசி உறையும் ஆகாது, நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும்.