பென்டிரைவில் இருந்த எஸ்எஸ்ஹெச் சாவி: என் அனுபவம்

ஃபேட்32 கோப்பு முறைமை உள்ள பென்டிரைவில் வைத்திருந்த எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) தனிச்சாவியை லினக்ஸில் பயன்படுத்தப் போனால், அனுமதி 0755 (மற்றவர்களும் படிக்கலாம்), ரொம்பத் திறந்திருக்கிறது, இந்தச் சாவியை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் மறுத்துவிட்டது. சரி என்று, அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையில் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை போட்டுப் பார்த்தால் அதே 0755.

காரணம் இதுதான்: ஃபேட்டில் கோப்புக்கு உரிமையாளர், அனுமதி என்று எழுதி வைக்க இடமே கிடையாது, நமக்குத் தெரிவதெல்லாம் மவுன்ட் செய்யும்போது, அதாவது டிரைவைக் கணினியோடு இணைக்கும்போது, லினக்ஸின் மையமான கர்னல் மொத்தமாகப் போர்த்திவிடும் எண். அதனால் டிரைவைக் கழற்றி, யூஐடி-யில் (உரிமையாளர் எண்) என் எண்ணும் யூமாஸ்க்=077-உம் (மற்றவர்களுக்கான அனுமதியை நீக்கும் அமைப்பு) கொடுத்து மறுபடி மவுன்ட் செய்தேன், உடனே வேலை செய்தது. ஹோமில் உள்ள .எஸ்எஸ்ஹெச் அடைவுக்குச் சாவியை நகலெடுத்து 600 கொடுப்பது இன்னும் நல்லது.

மென்பொருள் மறுத்தது சரியே, அந்தச் சோதனையைத் தளர்த்தக் கூடாது. ஆனால் 'இந்தக் கோப்பு முறைமையில் அனுமதியை மாற்ற முடியாது' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். சிஹெச்மாட்டும் மாறாததை மாறியதுபோல விட்டுவிடக் கூடாது. அப்புறம், யூமாஸ்க் காவல் அந்தக் கணினியில் மட்டும்தான், பென்டிரைவ் வேறொருவர் கைக்குப் போனால் சாவிக்கு வைத்த கடவுச்சொற்றொடர்தான் காப்பாற்றும்.