கிராமத்துப் பாடகரின் பழைய கேசட்டுகள்: தேடுவது, மாற்றுவது, படமாக்குவது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஒரு நாட்டுப்புறப் பாடகரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேமராவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒலியிலிருந்து தொடங்குங்கள். பாடகருக்குப் பெயர் வந்த பிறகு எடுத்த பதிவுகள் எப்படியும் கிடைத்துவிடும். அதற்கு முந்தைய பத்து, பதினைந்து வருடங்கள்தான் யார் வீட்டு மச்சிலோ வெயிலில் வெந்துகொண்டிருக்கும்.

சினிமாவில் முகம் காட்டிய ஆண்டையே தொடக்கமாக எழுதிவிடுவது நம் ஆட்களிடம் ஊறிப்போன பழக்கம். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் நடிப்பதற்கு முன்பே வானொலியில் பாடியவர். படத்திலிருந்து கதையைத் தொடங்கினால் அந்தக் காலம் முழுவதும் விட்டுப்போகும்.

எங்கே தேடுவது

"பழைய கேசட் இருக்கா ஆச்சி?" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். "உங்க வீட்டுச் சாந்திக்கு யார் பாடினாங்க? அதை யாரும் பிடிச்சு வச்சாங்களா?" என்று கேளுங்கள். சாந்தி என்பது இங்கே அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்தது) கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. கேசட் பெட்டியின் மேல் பாடகர் பெயர் இருக்காது. "அண்ணன் சாந்தி 2" என்றுதான் எழுதியிருக்கும்.

அடுத்து மைக்செட்காரர்கள். மேடை நிகழ்ச்சியை ஆம்பிளிஃபயரிலிருந்தே நேராகப் பிடித்த பதிவு இவர்களிடம் இருந்தால், அதுதான் இருப்பதிலேயே தெளிவாக இருக்கும். எண்பதுகளில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்களின் பழைய முதலாளிகளையும் விசாரியுங்கள். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் பாடியவர் என்றால், உடன் வாசித்த ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் வீடுகளில் நாடக நோட்டீஸ் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளில் இசைத்தட்டுகள் வரும். ஆனால் உள்ளூர்ப் பாடகரின் கேசட் அங்கே கிடைப்பது அரிது. கேசட்டுக்கு விலை இல்லை என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

வாங்கும்போது ரசீது கொடுங்கள். எத்தனை கேசட், யாருடையது, என்றைக்குத் திருப்பித் தருவீர்கள் என்று இரண்டு படிவம் எழுதி ஒன்றை அவர்களிடம் விடுங்கள். அட்டை, உறை, இரண்டு பக்க லேபிள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பிறகு முதல் வேலையாகக் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழையது அழியாது.

நாடாவைத் தயார் செய்வது

கேசட் ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டவே ஓட்டாதீர்கள்; கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தனிப் பையில் போட்டு, இதைத் தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுங்கள்.

நாடாவுக்குப் பின்னால், அதை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு சிறிய கம்பளித் துண்டு இருக்கும். முப்பது, நாற்பது வருடத்தில் அதன் பசை காய்ந்து துண்டு விழுந்துவிடும். ஒலி மங்கி, ஏறி இறங்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். திருகாணி போட்ட கூடு என்றால் வேலை எளிது. மேசையில் படுக்க வைத்து ஐந்து திருகாணியையும் கழற்றி, மேல் மூடியை நேராகத் தூக்குங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு சுருளையும் சேர்த்துப் பிடித்துத் திருகாணி போட்ட நல்ல கூட்டுக்கு மாற்றுங்கள். அறுந்த நாடாவை ஒட்ட அதற்கென்று விற்கும் ஸ்ப்ளைசிங் டேப் மட்டும்தான். சாதாரண செல்லோ டேப்பின் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும்.

கணினிக்கு மாற்றுவதற்கு முன் ஒரு முறை கடைசி வரை வேகமாகச் சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் இளகும். 120 நிமிடக் கேசட்டில் இதைச் செய்யாதீர்கள். 60 நிமிட நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான். 120-இல் அதில் பாதிதான். வேகமாகச் சுற்றினால் இழுபட்டுவிடும்.

மலிவான யூஎஸ்பி கேசட் பிளேயர் வேண்டாம். அதன் மோட்டார் ஆடுகிற ஆட்டம் பாட்டில் கேட்கும், பிறகு அதை எடுக்க முடியாது. பழைய நல்ல டெக் ஒன்றைப் பெல்ட் மாற்றி வாங்குங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் நான்கு, ஐந்து கேசட்டுக்கு ஒரு தடவை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

இனி ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த டூ-இன்-ஒன்னின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும், உங்கள் டெக்கின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கும். அதனால்தான் சலங்கையும் 'ச' ஒலியும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கின்றன. கேசட்டின் குற்றம் என்று விட்டுவிடாதீர்கள். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த சிறிய திருகாணி இருக்கும். ஒலியை மோனோவில் வைத்து ஹெட்போனில் கேட்டபடி அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சலங்கை எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். டால்பி பட்டனை அணைத்து வையுங்கள். வீட்டில் பிடித்த கேசட்டுகளில் பெரும்பாலும் டால்பி இருக்காது; போட்டால் மேல் ஒலி போய்விடும்.

கணினியில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு 2 ஜிபி ஆகும். நூறு கேசட் என்றாலும் 200 ஜிபிதான், ஆகவே இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக்காதீர்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். கிராமத்துக் குரல் திடீரென்று எழும். முதல் பாட்டைப் பார்த்து அளவு வைத்தால் மூன்றாவது பாட்டின் குலவையில் உடையும்.

ஒரு பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் எடுங்கள். பாட்டை மட்டும் வெட்டி எடுக்க நினைப்பவர்கள் வரலாற்றைத் தூக்கி எறிகிறார்கள். "மைக்செட் உபயம்", "அடுத்தபடியாக இன்னார் பாடுவார்" என்ற அறிவிப்பு, நடுவில் யாரோ கூப்பிடும் குரல், தூரத்து நாதஸ்வரம் ஆகியவைதான் இடத்தையும் காலத்தையும் சொல்லும்.

78 வேக இசைத்தட்டு கிடைத்தால் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர், இரண்டு சொட்டு லேசான சோப்பு, மென்மையான துணி போதும். எல்பி ஊசி இதற்கு ஆகாது. 78-க்கென்று உள்ள அகல ஊசி வேண்டும். லேபிளுக்கு அருகில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எப்போது நடந்தது என்று தேட அதுதான் பிடிமானம்.

வேகமும் வயதும்

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த டூ-இன்-ஒன்னில் பிடித்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் உயர்ந்து, மெலிந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடுவதுபோல் கேட்கும். "சிறு வயதுக் குரல்" என்று படத்தில் எழுதிவிடுவார்கள்.

மின்சாரத்தில் ஓடிய மைக்செட் அருகில் பிடித்த பதிவென்றால் அடியில் ஒரு ரீங்காரம் பதிந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதிர்வெண் வரைபடத்தில் அந்தக் கோடு 53-இல் தெரிந்தால் வேகம் 6 விழுக்காடு கூடுதல், அதாவது சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கிறது. உங்கள் டெக்கே ஒரு ரீங்காரம் சேர்க்கும். அது எப்போதும் 50-இலேயே நிற்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆர்மோனியம் இருந்தால் அதன் கட்டையையும் ஒத்துப் பாருங்கள். பேட்டரி இறங்க இறங்க வேகம் மாறியிருக்கும் என்பதால் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். திருத்தம் நகலில் மட்டும். மூலக் கோப்பைத் தொடக்கூடாது.

காலத்தைக் கணிக்க நோட்டீஸும் கோயில் திருவிழாக் கணக்கு நோட்டும் கைகொடுக்கும். "ரௌத்திரி ஆடி 12" என்று இருந்தால் அது 1980. தேதியோடு கிழமையும் அச்சிட்டிருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து உறுதி செய்யலாம். சினிமா மெட்டில் பாடியிருந்தால் அந்தப் படம் வந்த பிறகுதான் பாடியிருக்க முடியும். "1962-இல் பிடித்த கேசட்" என்று யாராவது கொடுத்தால், பிலிப்ஸ் கேசட்டையே 1963-இல்தான் வெளியிட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று ஆண்டு தப்பு, அல்லது பழைய ஸ்பூல் நாடாவிலிருந்து பின்னால் நகலெடுத்தது.

பேட்டியும் படமும்

செட்டிநாட்டு வீட்டு வளவு (உள்முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) கண்ணுக்கு அழகு, காதுக்குப் பகை. ஆத்தங்குடிக் கல், பளிங்குபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை மூன்றும் சேர்ந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். கை தட்டிப் பாருங்கள். எதிரொலி நீண்டால் பக்கத்துச் சிறிய அறைக்குப் போங்கள். ஜமுக்காளம் விரித்து, கேமராவுக்குப் படாத சுவரோரம் மெத்தைகளை நிறுத்துங்கள். மின்விசிறியை அணையுங்கள். மார்கழியிலும் திருவிழா நாட்களிலும் குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் எந்த மைக்கும் நிற்காது, வேறு தேதி பாருங்கள். மைக்கின் அளவைப் பேச்சுக்கு வைக்காமல், ஒரு வரி பாடச் சொல்லி அதற்கு வையுங்கள்.

பாடகருக்குப் பழைய கேசட்டைப் போட்டுக் காட்டுவதற்கு முன்பே கேமரா ஓட வேண்டும். "ஆத்தா, இது யாரு கூடப் பாடினது?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். ஒப்பாரி கேட்பதாக இருந்தால் வீட்டுக்குள் கேட்காதீர்கள். விளக்கு வைத்த வீட்டில் ஒப்பாரி பாடத் தயங்குவார்கள். வெளியே மரத்தடியில் பாடுவார்கள். உண்மையான சாவு வீட்டில் பிடித்த ஒப்பாரியை அந்தக் குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் படத்தில் சேர்க்கவே கூடாது.

இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் தள்ளாதீர்கள். நீக்கிய ஒலியை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி ஆடாசிட்டி மென்பொருளில் உண்டு. அதில் பாடகரின் குரல் கேட்டால் குரலையே சுரண்டுகிறீர்கள் என்று பொருள். அப்படிச் சுரண்டிய பாட்டை அரண்மனை வீடுகளின் ட்ரோன் காட்சிக்கு அடியில் ஓட்டுவது இன்னொரு வியாதி. அவர் பாடியது அந்த முகப்பிலா, முளைப்பாரித் திடலிலா என்று பாருங்கள்.

உரிமை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வெளியான ஒலிப்பதிவுக்கு அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. எண்பதுகளில் கேசட் போட்ட கம்பெனி கடையை மூடிவிட்டாலும் உரிமை யாரிடமோ இருக்கும். பாடகரிடமும், அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடமும், தமிழில் எழுதிய ஒப்புதலும் தொகையும் தனித்தனியாக முடியட்டும்.

மூலக் கோப்புகளை இரண்டு வன்தட்டில் வைத்து ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். மூன்றாவது நகலை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப் பேசுங்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகமே கோட்டையூரில் ஒருவர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்ததுதான். கேசட்டுகளைச் சொன்ன தேதியில் உரியவர் வீட்டுக்கே கொண்டுபோய், ஒலியைப் பென்டிரைவிலும் போட்டுக் கொடுங்கள்.

முதல் திரையிடலைப் பாடகரின் ஊரிலேயே வையுங்கள். குழாய் ஸ்பீக்கரில் அடி ஒலி வராது, பேச்சு மட்டும் கத்தும். பெட்டி ஸ்பீக்கர் கேட்டு வாங்குங்கள். ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் திடலில் உட்கார்ந்திருக்கட்டும். படம் முடிந்ததும் "எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு" என்று நாலு பேராவது வருவார்கள்.