ஆபரேஷன் ஆன்டிபயாடிக்: எங்கே தவறு நடக்கிறது?

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு ஊசி போடுவீங்க டாக்டர்?" ஏழு நாள் என்றால் நிம்மதி. இன்றோடு நிறுத்திவிடலாம் என்றால் சந்தேகம். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்காமல் காக்கும் ஆன்டிபயாடிக் ஊசியோ, நோயாளி தியேட்டரில் இருக்கும்போதே தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது.

கத்தி படும் நேரத்தில் ரத்தத்திலும் சதையிலும் மருந்து போதுமான அளவு இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். 1961இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். கிருமி நுழைந்து 3 மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தால் பயனே இல்லை. 1992இல் அமெரிக்காவின் யூட்டாவில் 2,847 நோயாளிகளிடம் பார்த்தபோதும் நேரம்தான் முக்கியம் என்று தெரிந்தது. கீறலுக்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதத்தினருக்குத்தான் புண்ணில் தொற்று வந்தது. அதற்கும் வெகுமுன்பே போட்டவர்களில் இது 3.8 சதவீதம்.

ஆக, முதல் தவறு நேரத்தில்தான். காலையில் வார்டிலேயே ஊசி போட்டுவிடுவார்கள். முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போகும். நம் முறை மதியம்தான் வரும். அதற்குள் மருந்து கரைந்துபோயிருக்கும். அதனால்தான் செஃபசோலின் போன்ற ஊசியை மயக்க மருத்துவர் தியேட்டரில் வைத்துப் போடுவது நல்லது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை அப்படி ஒரே தள்ளில் ஏற்ற முடியாது. உடம்பு சிவந்து பிரஷர் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் டிரிப்ஸில் மெல்ல ஏற்ற வேண்டும் என்பதால் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். முழங்கால் மாற்று ஆபரேஷனில், தொடையில் பட்டை இறுக்குவதற்கு முன் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இறுக்கிய பிறகு போட்டால் முழங்காலுக்கு ரத்தமே போகாது, மருந்து எப்படிப் போகும்? ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினால் செஃபசோலினை இன்னொரு முறை போட வேண்டும். சிசேரியனில் முன்பு குழந்தையை நினைத்துப் பயந்து, தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே ஊசி போட்டார்கள். கீறலுக்கு முன் போடுவதே தாய்க்குப் பாதுகாப்பு என்பது இப்போதைய நிலை.

அடுத்தது, நாட்களை நீட்டுவது. காயம் மூடிய பிறகு, தடுப்புக்காக மட்டும் ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொல்லிவிட்டது. காயத்திலிருந்து நீரை வடிக்கும் டிரெயின் டியூப் இருக்கிறது என்பதும் காரணமாகாது. நீட்டினால் மிஞ்சுவது வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான். ஆனால் குடல்வால் வெடித்து வயிற்றில் சீழ் பரவியிருந்தால் கதையே வேறு: அது தடுப்பு அல்ல, சிகிச்சை. அந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டிரிப்ஸில் ஏறினால்தான் மருந்து என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. இடத்துக்கு ஏற்ப வழி மாறும். கண்புரை ஆபரேஷனின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் துளியளவு கண்ணுக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்ததில், கண்ணின் உட்புறத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. பெருங்குடல் ஆபரேஷனுக்கு முதல் நாள் பேதி மருந்தோடு ஆன்டிபயாடிக் மாத்திரையும் தருவது உண்டு. பேதி மருந்தைக் குடித்துவிட்டு, குமட்டுகிறது என்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடலைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது; மாத்திரைதான் முக்கியம். வாந்தியில் போய்விட்டால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

தையல் மேல் ஆன்டிபயாடிக் பவுடர் தூவுவது? வேண்டாம். மனதுக்குத் திருப்தி, புண்ணுக்கு லாபமில்லை.

"பெனிசிலின் ஒத்துக்காது" என்று மொட்டையாகச் சொல்வதும் சிக்கல். உடனே, பெனிசிலினுக்கு உறவு மருந்து என்று செஃபசோலினை ஒதுக்கிவிட்டு இரண்டாம்பட்ச மருந்துக்குப் போய்விடுவார்கள். என்ன ஆனது என்று விவரமாகச் சொல்லுங்கள்: வயிறு கலங்கியதா, உடம்பெல்லாம் தடித்து மூச்சு திணறியதா? முன்னது அலர்ஜியே இல்லை. பின்னது நடந்திருந்தால் தியேட்டருக்குப் போகும் முன் மயக்க மருத்துவரிடம் மறுபடியும் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் ஆபரேஷன் செய்தவரிடமே காட்டுங்கள். தையலைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டியிருக்கலாம். அந்த வேலையை மாத்திரை செய்யாது.